முன்வரிசையிலிருந்து ஒரு வசனம்

இருபது வருடம் ஒப்பனை போட்டுக்கொண்டு, ஒரு நாள்கூட மேடையேறாத ஒருவரை என்னவென்று சொல்வது? பொறுமைசாலி என்றா, ஏமாளி என்றா?

நாடகக் குழுவில் அவருக்குப் பெயர் ஸ்டெப்னி அக்கா. பெரிய நடிகை வராத அன்று அம்மா வேடத்தை அவர் போட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். பெரிய நடிகை வராமல் இருந்தால்தானே? சினிமாவில் விருதுகளை அள்ளிய பிறகும் அந்த வேடத்தை அவர் விடவில்லை. காய்ச்சலோடு வந்தார். மாவுக்கட்டுப் போட்ட காலோடு வந்தார். கலைத்தாகம் என்று பத்திரிகைகள் உருகின.

"தாகமாவது மண்ணாவது! ஒரு நாள் நான் ஏறிட்டா குட்டு உடைஞ்சிடுமேன்னு பயம்" என்பார் அக்கா, போட்ட ஒப்பனையைத் துடைத்துக்கொண்டே.

நடிகை இறந்தார். நினைவு நாளுக்கு, அவர் அம்மாவாக நடித்த அதே நாடகம். இனி அந்த வேடம் தனக்குத்தான் என்று அக்கா நம்பியிருந்தபோது, குழுச் செயலாளர் பல்லை இளித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா வேஷத்தை நம்ம பாப்பாவே பண்ணுதுக்கா. வாரிசு இல்லையா!"

நடிகையின் மகளான அந்தப் பாப்பாவுக்கு வயது நாற்பது.

"வசனம் தெரியுமா அதுக்கு?"

"நீங்க எதுக்கு இருக்கீங்க? திரைக்குப் பின்னால நின்னு எடுத்துக் குடுங்க."

"எனக்கு முன்வரிசையில ஒரு டிக்கெட் குடு. போதும்."

கோபம் ஆறினால் வந்துவிடுவார், வேறெங்கே போவார் என்று செயலாளர் வேறு ஆளே போடவில்லை.

அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்தார். ஓடிப்போன மகன் திரும்பி வரும் காட்சியில் பாப்பா வாயடைத்து நின்றாள். திரையோரம் பார்த்தாள். அங்கே செயலாளர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி வியர்த்துக்கொண்டிருந்தார். அரங்கம் கைதட்டியது!

"அந்த மௌனத்தைப் பாருங்க! அம்மாவையே உரிச்சு வெச்சிருக்கு" என்று பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"மௌனமும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. வசனம் மறந்துடுச்சு."

"ரசிக்கத் தெரியலைன்னா சும்மா இருங்கம்மா."

அக்கா எழுந்தார். மேடையில் நின்ற மகனைப் பார்த்து, கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார்: "வாசலிலேயே நில். உனக்காக விட்டு வைத்திருந்த இடத்தில் இப்போது நான் படுத்துத் தூங்குகிறேன்."

மகனாக நடித்தவன், பாவம், பாப்பாவை மறந்து அக்காவைப் பார்த்து அழுதான். அரங்கமோ "உட்காரு! உட்காரு!" என்று கத்தியது. இரண்டு பேர் வந்து அக்காவின் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். போகிறபோதும் மீதி வசனத்தை அவர் விடவில்லை. கதவருகே சொல்லி முடித்தார்.

மறுநாள் பத்திரிகைகள் வாரிசின் மௌனத்தை வானளாவப் புகழ்ந்தன. அதைப் படித்துவிட்டு உங்களிடம் யாராவது சிலாகித்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவரையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.