ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து மோடம்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் துளை போட்டுக்கொண்டே, "நூறு எம்பிபிஎஸ் சார், சும்மா பறக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகத்தைப் பற்றி யார் பெருமை பேசினாலும் எனக்கு அப்படித்தான். உடனே மனசுக்குள் வகுத்துப் பார்ப்பேன். நூறு எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கிலோபிட். பழைய டயல்-அப் மோடம் வெறும் ஐம்பத்தாறு. ஆக, ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து மோடம் என் வீட்டுச் சுவர் வழியாக உள்ளே வருகிறது. வந்து என்ன கிழிக்கப்போகிறது? ஒரே ஒரு மோடம் ஓட வேண்டிய நாளில் ஓடவில்லை.

அந்த மோடம் அண்ணன் சம்பாத்தியம். சவூதியில் ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்த்தான். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு நான் மேதாவி மாதிரித் திரிந்த காலம் அது. கேட்டதையெல்லாம் அனுப்பினான். டிஜிட்டல் கேமராகூட அவன் கொடுத்தனுப்பியதுதான்.

ஒரு மழை நாள் விடியற்காலையில் அம்மா மவுத்தாகிவிட்டார். எங்களில் மய்யித்தை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பெரியத்தா சொல்லிவிட்டார். அவர் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின் அண்ணன். அத்தா இல்லாத வீட்டில் அவர் பேச்சுதான் பேச்சு. அண்ணனுக்குப் போனில் சொன்னேன். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, வர வழியில்லை. "ஒரே ஒரு தடவை அம்மா முகத்தைக் காட்டுடா" என்று கதறினான்.

"போட்டோ எடுத்து மெயில்ல அனுப்புறேன்ணே. இருபது செகண்டு போதும். நீ நம்ம ஊர் நேரம் பன்னெண்டரைக்கு நெட் கடையில போய் உக்காரு."

பெரியத்தா பக்கத்திலேயே நின்று, "மய்யித்தைப் போட்டோ எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று சத்தம் போட்டார். அது போனில் அண்ணனுக்கும் கேட்டது. நான் அவரோடு சண்டை போட்டுத்தான் எடுத்தேன்.

இருபது செகண்டு! அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. படம் ஒரு மெகாபைட். மோடம் பெட்டியில் 56K என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கிலோபைட் என்று எடுத்துக்கொண்டேன். அது கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஏழு. அந்த ஏழும் இங்கே வாங்கும்போதுதான். அனுப்பும்போது அதில் பாதி. எங்கள் ஊர்க் கம்பி மழையில் நனைந்தால் அதிலும் பாதி. கோர்ஸ் படித்த எனக்கு இது தெரிய வேண்டாமா? படத்தைச் சின்னதாக்கி அனுப்பியிருக்கலாம். முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று பெரிய படத்தையே ஏற்றினேன்.

பாதி போய் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை முக்கால்வாசி போய் அறுந்தது. கூடத்தில் யாரோ, "முகத்தை மூடப்போறோம், பாக்குறவங்க வந்து பாத்துக்குங்க" என்றார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவையும் போகவில்லை. ஆத்திரத்தில் மோடத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினேன். மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். அம்மாவின் முகத்தை நானும் கடைசியாகப் பார்க்கவில்லை.

கபர்ஸ்தானிலிருந்து திரும்பியதும் போன் அடித்தது. அண்ணன்தான்.

"போட்டோ வரலைன்னதும் போன் போட்டேன்டா. ரிசீவரை அம்மா காதுகிட்ட வச்சிருந்தாப் போதும், ஒரு ஸலாம் சொல்லியிருப்பேன். முக்கா மணி நேரம் எங்கேஜ்டு. அந்த மனுசன்தானே ரிசீவரை எடுத்துக் கீழ வச்சாரு? போட்டோவே கூடாதுன்னவராச்சே."

வீட்டில் இருந்தது ஒரே லைன். அதை முக்கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்தது என் மோடம். சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன், கோழை. பிறகு அண்ணன் ஊரோடு, இதே வீட்டுக்கு வந்துவிட்டான். பெரியத்தாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் அவர் மவுத்தானபோது அடுத்த தெருவில் இருந்துகொண்டு தோள் கொடுக்கக்கூடப் போகவில்லை. அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

புது ஃபைபர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வந்தவருக்கு ஒரே சந்தோஷம். "இதுலயே போனும் பேசலாம் சார். அந்தக் காலத்துல நெட்டைப் போட்டா போன் எங்கேஜ்டு ஆயிடுமே, ஞாபகம் இருக்கா?"

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான்.

"எல்லா வீட்லயுமா தம்பி?"

"ஆமாங்க. நெட்டு ஓடுற வரைக்கும் வெளியிலேர்ந்து யாரும் கூப்பிட முடியாது."

அண்ணன் பேப்பரை மடித்து மடியில் வைத்தான். என்னைப் பார்த்தான்.

"அப்ப பெரியத்தா எடுத்து வைக்கலையா?" என்றான்.