ஏற்றத்தில் மட்டும் வரும் நோய்

கண்ணுகளா, போன வாரம் எங்கள் வண்டிக்கு உடம்பு சரியில்லை.

நாகலூரிலிருந்து ஏற்காடு பள்ளிக்கு எட்டுப் பிள்ளைகளை நான்தான் ஏற்றிப் போகிறேன். ஒருத்தி என் மகள் தர்ஷினி. ஏற்றம் வந்தால் போதும்... ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்வேனா என்றது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

"வெள்ளிக்கிழமை பரீட்சைங்க. அதுக்குள்ள சரியாகலீன்னா பஸ்ஸுல அனுப்பிக்கறமுங்க" என்றார் ஒரு பையனின் அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சேலத்துக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் மெயின் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து, "நொம்ப நல்லா ஓடுதுங்களே!" என்றார். ஓடாதா பின்னே? மலையில் வரும் நோயைச் சமவெளியில், அதுவும் காலி வண்டியில் கொண்டுபோய்க் காட்டினால்?

திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் மறுபடி மூச்சு வாங்கியது. அவருக்கு போன் போட்டேன்.

"ஏறறப்ப உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சுங்களா?"

"பாட்டுப் போட்டிருந்தனுங்க..."

"நல்லாப் போட்டீங்க போங்க! ஆளை ஏத்திக்கிட்டு, பாட்டை நிறுத்திட்டுக் கேளுங்க. டர்போ காத்து எங்கயோ ஒழுகுதாட்ட இருக்குதுங்க."

டர்போ என்பது என்ன? இன்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுழலும் சின்னச் சக்கரம். அது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். வழியில் குழாய் கிழிந்திருந்தால்? ஓட்டை பலூனை ஊதுகிற கதைதான்.

வியாழக்கிழமை காலை. பாட்டை நிறுத்தினேன். ஆனால் உள்ளே எட்டு ரேடியோ இருக்கிறதே!

"ஏத்தம் முடியற வரைக்கும் யாரும் பேசக்கூடாது சாமிகளா."

"தும்மல் வந்தா என்னங்க மாமா?" என்றான் பின்சீட்டு அருண்.

"அடக்கிக்கோ!"

ஏற்றம் வந்தது. தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். உஸ்ஸ்ஸ்...

"அப்பா, முன்னாடி... லெஃப்ட்டுல!"

நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் அடியில், விரல் நீளத்துக்குக் கிழிசல். வண்டி நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். காற்று அழுத்தினால்தான் வாய் திறக்கும். எப்படிக் கண்ணில் படும்?

மதியமே புதுக் குழாய் மாட்டியாயிற்று. டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை.

கணக்கும் இப்படித்தான் கண்ணுகளா. வருகிற கணக்கையே டீச்சரிடம் போட்டுக் காட்டினால் வராத கணக்கு எப்போது வரும்?

வெள்ளிக்கிழமை, மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்பே பள்ளி வாசலில் நின்றோம் — எட்டு ரேடியோவும் முழுச் சத்தத்தில்!