ஐஸ்கட்டி கொண்டுவந்த ஸ்டெல்லா அக்கா

அன்று காலை கண் விழித்ததும் முதலில் என் கணவரின் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. அவருக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து என் காலை இப்படித்தான் தொடங்குகிறது. பிறகுதான் போனை எடுத்தேன். டயாலிசிஸ் வார்டு நர்ஸ் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "அக்கா, ஸ்டெல்லாம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்களாம்." தூக்கத்தில் என்ற சொல்லைக் கேட்டதும் மறுபடியும் கணவரின் மார்பைத் தொட்டேன்.

வார்டு வாசலில் காத்திருந்த நம் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். நாம் பிளாஸ்கில் டீ கொண்டுபோவோம். அவர் பிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுவருவார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள் நாக்கை நனைத்துக்கொள்ள ஆளுக்கொன்று. அவர் கணவர் அந்தோணி அண்ணன் இன்னொன்றுக்குக் கை நீட்டுவார்.

"ஒண்ணுதான்யா. மிச்சம் வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம நான் இருக்கணுமேடி."

"இல்லாம எங்க போவ? என்ன வுட்டுட்டுப் போற அளவுக்கு உனக்கு தெகிரியம் ஏது?"

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் பிளாஸ்க் மூடியை இறுகத் திருகிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறந்துபோன பிறகும், அக்கா வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வார்டுக்கு வந்தார். "ஃப்ரிஜ்ஜத் தொறந்தா ட்ரேல தண்ணி ஒறைஞ்சி கெடக்குதுடி. நான்தான் ஊத்தி வெச்சிருக்கேன் போல. இன்னா பண்றது, எடுத்துகினு வந்துட்டேன்."

கல்லறைத் திருநாளன்று என்னையும் அழைத்துப் போனார். வெள்ளையடித்த கல்லறை, சாமந்தி, மெழுகுவர்த்தி. சிலுவையில் அண்ணன் பெயருக்குக் கீழே அக்காவின் பெயர். பிறந்த தேதி, ஒரு கோடு, பிறகு வெற்றிடம்.

"உயிரோட இருக்கும்போதே எழுதலாமாக்கா?"

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்ல? நீ ஏன்டி வெளுத்துப் போற?"

அங்கேதான் அவரிடம் சொன்னேன். என் சிறுநீரகம் கணவருக்குப் பொருந்துமா என்று பரிசோதிக்கலாம் என்கிறார் டாக்டர். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பயம். பொருந்திவிட்டால் அதைவிடப் பயம்; எங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் படிக்கிற மகளுக்கு யார்?

போ என்றும் அவர் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டார். "நானும் குடுக்கறேன்னுதான் நின்னேன். சக்கர இருக்குது, ஆவாதுன்னுட்டாங்க. உனக்கிருக்கிற பயம்கூட எனக்குக் கெடைக்கலடி."

இப்போது அண்ணனின் குழியிலேயே அக்காவையும் வைத்துவிட்டோம். பாகூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அன்று கல்லறையில் அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் காதில் இருந்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். அதனால் பயம் போய்விடவில்லை. இதை எழுதும்போதும் விரல்கள் சில்லிட்டுத்தான் இருக்கின்றன.

வருகிற செவ்வாய்க்கிழமை, கணவரை வார்டில் படுக்கவைத்த பிறகு, மாடியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுக்கப்போகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது கொடுத்து முடித்திருப்பேன். இந்த நிமிடம்வரை அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.