இல்லாத பேட்டரிக்கு வந்த சீர்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. யாரும் வரமாட்டார்கள் என்பது நடைமுறை. வீட்டில் விதியை மட்டும் சொன்னது என் தவறு. பெரம்பலூரில் நான் ஆய்வு செய்த கல்லூரி வாசலில், காலை பத்து மணிக்குக் குன்னத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, தாய்மாமன், அத்தை, மற்ற சொந்தங்கள் என்று பதினெட்டுப் பேர். கையில் ஏழு சீர்த்தட்டுகள். ஒன்றில் முந்திரி, ஒன்றில் ஆப்பிள், ஒன்றில் எனக்குப் பட்டுப்புடவை. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு விசேஷமும் கிடையாது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், காதுகுத்து நடக்கும் மண்டபத்துக்கு மாறி வந்துவிட்டோமோ என்று விழித்தார்.

எனக்குப் பயம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து அல்ல, ஆறு வருடப் பொய்யை நினைத்து. அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார்கள், "பேட்டரி" என்றேன். அவ்வளவுதான். அதன்பிறகு வந்த வரன்களையெல்லாம் அப்பா, "புள்ள பேட்டரி செஞ்சுக்கிட்டிருக்குங்க, முடியட்டும்" என்று பெருமையாகத் திருப்பி அனுப்பினார். இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கும் மாமாவோ, "எங்க பாப்பா பேட்டரி வருது, கொஞ்சம் பொறுத்து வாங்குங்க" என்று தன் வியாபாரத்திலேயே மண்ணைப் போட்டுக்கொண்டார்.

நான் போட்டதோ வெறும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத அணு அளவில் ஒரு பேட்டரி இருந்தால் அதில் எவ்வளவு ஆற்றலைச் சேர்க்கலாம், எவ்வளவு வெப்பமாக வீணாகும் என்ற குவாண்டம் கணக்கு. அப்படிப் பல பேட்டரிகள் ஒன்றோடொன்று பிணைந்து நின்றால், தனித்தனியே ஏறுவதைவிடச் சீக்கிரம் சார்ஜ் ஏறிவிடும். எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கோபம் ஏறுவதும் அப்படித்தான்.

முக்கால் மணி நேரம் பேசினேன். நீளமான சமன்பாடு வரும்போதெல்லாம் அத்தை கைதட்டினார். கடைசியில் தேர்வாளர் வழக்கப்படி, "பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்" என்றார். மாமா கையைத் தூக்கினார்.

"எல்லாம் நல்லாருந்துச்சு பாப்பா. அந்த பேட்டரிய எடுத்துக் காட்டிரு. பாத்துட்டு சாப்புடப் போவலாம்."

"பேட்டரி இல்ல மாமா."

"லேப்புல இருக்கா?"

"எங்கயும் இல்ல. நான் செய்யல. கணக்கு மட்டுந்தான் போட்டேன்."

பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். பட்டம் போனால் போகட்டும், இந்த மனுஷன் தலை நிமிர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

மாமா தேர்வாளர் பக்கம் திரும்பினார். "சார், புள்ள போட்ட கணக்கு சரியா இருக்குங்களா?"

"ரொம்பச் சரியா இருக்கு" என்றார் தேர்வாளர்.

"அப்பறம் என்னங்க? நீங்க பட்டத்தக் குடுங்க. பேட்டரிய நான் ஒரு வாரத்துல செஞ்சு குடுத்துடுறேன்."

அப்பா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"அவசரப்பட்டு வாக்குக் குடுக்காத மாப்ள" என்றார். "ரெண்டு வாரம்னு சொல்லு."