நாயிலேர்ந்து சொல்லு

நோரா அன்று காலையிலேயே இரண்டு தடவை சாந்தோம் கோவிலுக்குள் போய்வந்தாள். முதல் தடவை மெழுகுதிரி ஏற்ற. இரண்டாவது தடவை, அது அணையாமல் இருக்கிறதா என்று பார்க்க.

பயம் அப்படி. மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியை சிஸ்டர் கரோல் அவளுடைய ஆறாம் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். நோரா தற்காலிக ஆசிரியை. வரும் ஜூனிலும் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது இந்த ஒரு வகுப்பில் முடிவாகிவிடும். வாதம் வந்து படுத்திருக்கும் கணவர் ஜாஸ்பரின் மருந்தும் வீட்டு அடுப்பும் இந்த வேலையை நம்பித்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் இன்னொரு பள்ளி வாசலில் போய் நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

அவள் முதலில் ஆசிரியையானது பள்ளியில் அல்ல, பங்குக் கோவிலில். தாவணிப் பருவத்திலேயே ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள். கேள்வியை அவள் ராகமாக இழுப்பாள். பதில் கோரஸாக வந்து விழும். பி.எட். எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, தபால்வழியில். அதில் படித்தது மறந்தது, ராகம் மறக்கவில்லை. ஆங்கிலக் கதை வந்தாலும் அதே வழிதான். கதையை ஒருமுறை வேகமாக வாசித்துவிட்டு, கடைசியில் இருக்கும் புதுச் சொற்களை உருப்போட வைத்துவிடுவாள். பரீட்சையில் கதையையா கேட்கிறார்கள்? அர்த்தத்தைத்தானே!

சிஸ்டர் வந்து பின்வரிசையில் அமர்ந்தார். நோரா பலகையைத் தட்டினாள்.

“ஸ்டார்ம் என்றால் புயல். ஷெல்டர் என்றால் புகலிடம். கிளிங் என்றால் இறுகப் பற்றிக்கொள். அபாண்டன் என்றால் கைவிடு. ரிலக்டன்ட் என்றால் மனமில்லாத.”

பிள்ளைகளின் கோரஸில் கூரை அதிர்ந்தது. நோராவுக்கு மூச்சு வந்தது.

“பிரசாத், அபாண்டன்னா என்ன?” என்றார் சிஸ்டர்.

பிரசாத் எழுந்து கண்ணை மூடினான். “ஸ்டார்ம் என்றால் புயல். ஷெல்டர் என்றால்...”

“அதைக் கேக்கலையே. அபாண்டன் மட்டும் சொல்லு.”

“முதல்லேர்ந்து போனாதான் வரும் சிஸ்டர்.”

வகுப்பு சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. “ரூபீனா, கதையில அந்தப் பொண்ணு எதை அபாண்டன் பண்றா?”

ரூபீனா நோராவைப் பார்த்தாள். “மிஸ் அத்த நடத்தல சிஸ்டர்.”

நோரா அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள்.

“டீச்சர், இதென்ன ஜெபமாலையா?” சிஸ்டர் எழுந்துவிட்டார்.

“சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம்...”

“எனக்கு வேலை இருக்கு.”

அவர் தலை மறைந்ததும் நோரா புத்தகத்தை மூடினாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

“காவேரி, போன புயலுக்கு உங்க குப்பத்து ஆளுங்களை எல்லாம் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல கொண்டுபோய் வச்சாங்களே, நீயும் போனியா?”

“நானு, அம்மா எல்லாம் போனோம் மிஸ். நைனா மட்டும் வரல. மீன் புடிக்கிற போட்ட வுட்டுட்டு வரமாட்டேன்னு கயித்தப் புட்ச்சிக்கினு நின்னுக்கினு இருந்துச்சு. போலீசு வந்து இஸ்துக்கினு வந்தாங்க.”

“அப்ப நைனா எப்படி வந்தாரு?”

காவேரி யோசிப்பதற்குள் பிரசாத் துள்ளினான். “ரிலக்டன்ட் மிஸ்!”

“கயித்தப் புடிச்சிக்கிட்டது கிளிங்!” என்றாள் ரூபீனா.

“ஸ்கூலு ஷெல்டரு!”

ஒருவரும் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நோரா பின்வரிசையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

மணி அடித்ததும் அலுவலக அறைக்கு ஓடினாள். “சிஸ்டர், இன்னொரு தடவை வந்து உக்காருங்க. நடுவுல இருந்து கேளுங்க, சொல்லுவாங்க. இப்பதான் சொன்னாங்க!”

“நான் பாத்ததைத்தானே டீச்சர் எழுத முடியும்?”

“உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் சிஸ்டர். வீட்ல அவர்...”

“தெரியும். அதுக்காகப் பிள்ளைங்க படிப்பை நான் பாக்காம இருக்க முடியாது.” குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. “ஏப்ரல் வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் வேற இடம் பாத்துக்குங்க.”

ஜாஸ்பரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலேயிருந்து காவேரி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள்.

“மிஸ், மிஸ், அந்தக் கதையில நாய் ஒண்ணு இருந்துச்சே. அந்தப் பொண்ணு வுட்டுட்டுப் போச்சே, அது இன்னா ஆச்சு மிஸ்?”

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்க அவள் விட்டதுமில்லை. நோரா படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

“முதல்லேர்ந்து வாசிக்கட்டுமா?”

“வேணாம் மிஸ். நாயிலேர்ந்து சொல்லு.”