மூன்று வயது கூட்டிச் சொன்னது

எனக்கு எட்டு வயதில் அம்மா என்னைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பதியவைத்தாள். எட்டு என்றால் பேர் பதியும் கணக்கப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "பதினொன்னு ஆச்சுங்க, புள்ளதான் சத்தில்லாம கெடக்கு" என்று கூசாமல் சொன்னாள். இலங்கையில் தெமோதரைப் பக்கம், கூலி சனம் வரிசையாய்க் குடியிருந்த எங்கள் லயத்தில் எல்லாத் தாய்மாரும் செய்ததுதான். பெயர் பதிந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், கூடவே அரிசி. பஞ்சத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்த சனத்துக்கு அரிசிதானே சாமி!

சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகு, அந்த எடை போடும் மடுவத்திலேயே தோட்டத்து வாத்தியாரிடம் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் படிப்பு சட்டென்று ஏறியது. மூன்று வருஷத்தில் அவரிடமிருந்த புத்தகமெல்லாம் தீர்ந்தது. பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கு எனக்காக எழுதிப் போட்டார். பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் விடுதியில் வைத்து டீச்சராகும்வரை படிக்கவைப்பார்களாம். தோட்டத்திலிருந்து வயதுக்கு ஒரு கடிதம் மட்டும் வேண்டும்.

"டீச்சரம்மா, இனி ஒங்க கூடைய யாரு தூக்குறது?" என்று லயமே கேலி செய்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதுளைக்கு நானும் அம்மாவும் நடந்தே போனோம். கடிதத்தோடு கணக்கப்பிள்ளையும் வந்தார். பள்ளி வராந்தாவில் கடைக்கார வீட்டுப் பெண்கள், எங்களைப் போலவே கடல் தாண்டி வந்த சனம்தான், என் வெறுங்காலைப் பார்த்து "தோட்டத்துப் புள்ள" என்று மூக்கைச் சுளித்தார்கள். போங்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியின் வெள்ளைக்காரம்மா கடிதத்தைப் படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதில் பதினாலு என்று இருக்கிறதே. பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள் அம்மா, என்ன வயது?"

அம்மா கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மூன்று வருஷமாய் வாங்கிய சம்பளமும் அரிசியும் பொய் சொல்லி வாங்கியதாகிவிடும். குடும்பத்தோடு லயத்தைவிட்டு விரட்டுவார்கள். தம்பி அப்போது கைக்குழந்தை.

"பதினாலுதாங்க."

"இல்லங்க! பதினொன்னு!" என்று நான் கத்தினேன்.

"அதுக்கு என்னங்க தெரியும்? பெத்தவ நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

கடிதம் எங்கள் கைக்கே திரும்பி வந்தது. வழியெல்லாம் அழுதேன், வாயில் வந்தபடி அவளைத் திட்டினேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை என்னைப் பெரியவர்கள் பக்கம் நிறுத்தினார். பதினாலு வயதுக்காரியாம். எனக்கு ஒதுக்கிய தேயிலை நிரையில் பாதியிலேயே கை ஓய்ந்துபோனது. அம்மா தன் நிரையை விட்டு வந்து எனக்காகக் கொழுந்து கிள்ளிப் போட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் வேறென்ன செய்திருப்பாள் என்று இன்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்க முடியவில்லை.