பெரிய சம்பளத்து ஞாயிறு

எழுபத்தெட்டாம் வருஷம் ஈப்போவில் புந்தோங் பக்கத்துத் தியேட்டரில் ஐந்து வாரம் ஓடிய தமிழ்ப்படம் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட வைத்தது யார் என்று கேட்டால், தியேட்டர் முதலாளியான சீனத் தவுக்கே தன் விளம்பர வேன்காரர் உடையப்பனைக் கைகாட்டுவார். உடையப்பன் எழுந்து போய்விடுவார். புகழ்ந்தால் மனுஷனுக்குக் கூச்சம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊருக்கென்ன, வாய்க்கு வந்ததைப் பேசும். எண்பத்தைந்தில் வீடியோ கேசட் வந்து வீட்டுக்கு வீடு படம் ஓட ஆரம்பித்தது. தியேட்டரை இழுத்து மூடி, அதே கட்டடத்தில் மெத்தையும் நாற்காலியும் விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும்கூட அவர் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார். சுற்றிக்கொண்டுதான் போவார்.

உடையப்பன் பிறந்தது சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஆத்தோர ரப்பர்த் தோட்டத்தில். மீசை முளைக்கும் முன்னே பால்வாளி தூக்கியவர். அங்கேயே பிறந்தும் அவர் கையில் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டு. எழுபதாம் வருஷ வாக்கில், சிவப்புக் கார்டுக்காரனுக்கு வேலை வேண்டுமானால் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது தோட்டத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். ஈப்போவுக்கு வந்து, மங்களத்தையும் நாலு பிள்ளைகளையும் ஒரு பலகை அறையில் இருத்திவிட்டு வேலை தேடி அலைந்தார். கடைசியில் இந்தத் தவுக்கேதான் சேர்த்துக்கொண்டார். வருஷா வருஷம் பெர்மிட் காகிதத்தில் தவுக்கே கையெழுத்துப் போட்டால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். அதை உடையப்பன் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்கிற நிலைமையில் அவரை யாரும் வைக்கவுமில்லை.

வேலை என்னவோ பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்சுற்றுவது போலத்தான் தெரியும். வேனின் இரண்டு பக்கமும் படத்தின் தட்டி, மேலே ஒலிபெருக்கி. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தோட்டம் தோட்டமாகப் போய், என்ன படம், எத்தனை மணிக்கு என்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை லோரி என்று பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. வெள்ளி ராத்திரி டவுன் பையன்கள் வந்து விசிலடிப்பார்கள். அதை நம்பி ஏமாந்த முதலாளிகள் உண்டு. ஞாயிறு மதியக் காட்சிக்குத் தோட்டத்து லோரிகள் வந்து நிற்கின்றனவா இல்லையா என்பதில்தான் படத்தின் தலையெழுத்து இருக்கிறது. திங்கள் காலை தவுக்கே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: படப்பெட்டி இன்னும் ஒரு வாரம் தங்கும், இல்லையென்றால் அன்றைக்கே ரயிலேறும்.

மெட்ராஸில் நூறு நாள் ஓடியது என்று ஆர்ப்பாட்டமாக வந்து இறங்கும் படம் இங்கே மூன்றே நாளில் சுருண்டுவிடும். நடிகர் சரியில்லை, பாட்டு சரியில்லை என்று டவுனில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு வெங்காயமும் இல்லை. அந்த வாரம் முழுக்க மழை பெய்திருக்கும். மழையில் பாலுக்கு மரம் கீறி வெட்ட முடியாது. பால் இறங்காவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதவன் எங்கே படத்துக்கு வருவான்? மரம் இலை கொட்டிப் பால் குறைகிற மாசத்தில் வருகிற படம் அநேகமாகச் செத்துத்தான் பிறக்கும். மாசத் தொடக்கத்தில், போன மாசக் கணக்கை மொத்தமாகத் தீர்க்கிற பெரிய சம்பளம் போட்ட ஞாயிறு கிடைத்தால் சுமாரான படமும் பிழைத்துக்கொள்ளும். அதிலும் ஆண்பிள்ளை சண்டைப்படம் பார்க்க வந்தால் ஒரு டிக்கெட்டோடு சரி. பொம்பளை அழுவதற்கு வந்தால் வீடே பின்னால் வரும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லோரி கிளம்பாது. லயத்து வீடுகளில் ரேடியோ பாடாது, எவனும் சிரித்துப் பேசமாட்டான், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர்களும் படத்தை மறந்துவிட்டுச் சாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட வாரங்களில் தியேட்டர் வெறிச்சோடிக் கிடக்கும்.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் டெலிபோன் இருப்பது ஆபீசில் மட்டும். சனிக்கிழமை பாதி நாளோடு அதையும் பூட்டிவிட்டுக் கணக்கெழுதும் கிராணி போய்விடுவார். கேதம் சொல்ல ஆள் தேடுகிறவர்களுக்கு உடையப்பன் வேன் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். அவரும் முகம் சுளித்ததில்லை. செய்தியை வாங்கிக்கொண்டு போய், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, உரியவர் வீட்டு வாசலில் நின்று மெதுவாகச் சொல்வார். அந்தத் தோட்டத்தில் அதற்குமேல் படத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். தன் வாயாலேயே தன் வசூலைக் கெடுத்துக்கொண்டு வருகிற ஆள் என்று தவுக்கே சலித்துக்கொண்டதுண்டு.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜூலை. அதற்கு முந்தி மூன்று மாசமாகத் தமிழ்ப்படம் எதுவும் தேறவில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தவுக்கே கோபக்காரர் இல்லை. அந்த வியாழக்கிழமை வேன் சாவியைக் கொடுக்கும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இந்த வாரமும் ஆள் இல்லன்னா அடுத்த வாரத்திலிருந்து சீனப்படந்தான். உனக்கு இங்க வேல இருக்காது லா."

வந்திருந்தது தாய் செண்டிமெண்ட் படம். பிள்ளைகளுக்காக உழைத்து உழைத்துக் கடைசியில் தாய் செத்துப்போகிறாள். பெரிய சம்பளம் போட்டாயிற்று, ஒரு வாரமாக மழையும் இல்லை. பத்துகாஜா ரோட்டில் பதினோராவது மைலில் இருந்த பதினோராங்கட்டைத் தோட்டத்தில் மட்டும் மூன்று லோரி பேசியாயிற்று. இத்தனையும் ஒன்றாகக் கூடிவந்து வருஷக்கணக்காயிற்று. உடையப்பன் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார் என்று மங்களம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஆத்தோரத் தோட்டத்துக்குள் வேன் நுழையும்போதே, முன்பு கூடப் பால்வெட்டிய மாயாண்டி வீட்டு முன்னால் கூட்டம் தெரிந்தது. பாட்டை அணைத்தார். விடியற்காலையில் மாயாண்டியின் ஆத்தா ராக்காயி போய்விட்டாள். ராக்காயி அவருக்கு வேற்று மனுஷி இல்லை. அவருக்கு மலேரியா கண்டு படுத்திருந்த நாட்களில் தன் மரத்தையும் வெட்டி, அவர் மரத்தையும் வெட்டி, அவர் பெயரில் பாலை நிறுத்துக் கொடுத்தவள். உள்ளே போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

மாயாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பதினோராங்கட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சி நல்லம்மாளுக்குச் சொல்லிவிடும்படி கேட்டான். ஞாயிறு நாலு மணிக்குத்தான் எடுக்கப்போகிறார்கள். அவள் வந்து ஆத்தா முகத்தைப் பார்த்தால் போதும். நீ கவலைப்படாதே, நான் சொல்லிவிடுகிறேன் என்று உடையப்பன் வாக்குக் கொடுத்தார். வேறு ஆளை அனுப்பவேண்டியதில்லை என்றும் அவரேதான் சொன்னார். அப்போது அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

கள்ளம் வழியில்தான் வந்தது. பதினோராங்கட்டையில் பாதிப்பேர் ராக்காயிக்கு உறவு. சொன்னால் மூன்று லோரியும் படுத்துவிடும். திங்கள் காலை தவுக்கேயின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பெர்மிட் போனால் இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன கணக்கு மனதில் ஓடியது. ஞாயிறு படம் பன்னிரண்டுக்குத் தொடங்கினால் மூன்று மணிக்கு முன்னால் முடிந்துவிடும். வாசலிலேயே நல்லம்மாளை நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, வேனில் ஏற்றினால் நாலு மணிக்குள் சிம்பாங் பூலாய் போய்விடலாம். அவளும் ஆத்தா முகத்தைப் பார்த்துவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? பயந்துபோன மனுஷனுக்கு எவ்வளவு அழகாகக் கணக்கு வருகிறது, பாருங்கள்.

பதினோராங்கட்டையில் பிள்ளைகள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். நல்லம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்பு நுரையோடு எழுந்து வந்து, படத்தில் தாய் செத்துப்போவாளாமே, நெசமா என்று கேட்டாள். உடையப்பன் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வந்து பாரும்மா என்றார். சொன்னது அவ்வளவுதான். வேனைத் திருப்பும்போது சாக்கடைப் பாலத்தில் சக்கரத்தை இடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லோரிகள் வந்தன. ஒன்றல்ல இரண்டல்ல, தெரு அடைத்துப்போய் போலீஸ்காரர் வந்து ஒழுங்குபடுத்துகிற அளவுக்கு வந்தன. லோரியிலிருந்து பொம்பளைகளைக் கைகொடுத்து இறக்கிவிடுவது உடையப்பனின் வழக்கம். நல்லம்மாளையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அண்ணே, நல்ல இடமாப் பாத்து உக்கார வைங்க என்றாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தைக் கண்ட தவுக்கேவுக்குத் தலைகால் புரியவில்லை. இடமில்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்றார். எதிர்க் காப்பிக்கடையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வரச்சொன்னார். வெளியே நிற்கிற அத்தனை பேரும் உள்ளே வரும்வரை படத்தைத் தொடங்கவேண்டாம் என்று உத்தரவு. உடையப்பன் இரண்டு முறை போய், நேரமாகிறது தவுக்கே, நேரமாகிறது என்று கெஞ்சினார். உனக்கென்ன அவசரம் என்று தவுக்கே அவர் தோளில் தட்டிச் சிரித்தார். படம் தொடங்கும்போது ஒன்றேகால்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட நினைத்தார். கூப்பிட்டால் பதினோராங்கட்டை மொத்தமும் எழுந்து நிற்கும், ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்கும். வாசலுக்கே திரும்பிவிட்டார். மூன்றரை மணிக்கு மனசு கேட்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரையில் தாய் செத்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் முழுக்க விசும்பல். நல்லம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தடவிவிட்டாள். உடையப்பன் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்றார். அந்த நேரத்திலாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மனுஷனுக்கு வாய் எதற்குத்தான் இருக்கிறது? நின்றார், திரும்பி வெளியே வந்தார்.

படம் விட்டதும் அவளைத் தனியே அழைத்து, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லையாம், உடனே வரச்சொன்னார்கள் என்று வேனில் ஏற்றினார். சிம்பாங் பூலாய் வளைவு வந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள். செத்துப்போச்சா என்று கேட்டாள். தலையாட்டினார். சேதி எப்போது வந்தது என்றதற்கு, இப்போதுதான் என்றார். அவள் தலையிலிருந்த பூவைப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துவிட்டது. ஆத்தோரத் தோட்டத்தில் இறங்கும்போது ஆண்கள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாயாண்டி ஓடி வந்தான்.

"நாலரை வரைக்கும் வச்சிருந்தோம் தங்கச்சி. மழ கூடிக்கிட்டு வந்துச்சு, குழியில தண்ணி எறங்க ஆரம்பிச்சிருச்சு. நேத்து காலையிலயே இந்த உடையப்பண்ணங்கிட்டச் சொல்லி விட்டேனே, எங்க போன?"

அவள் உடையப்பனைத் திரும்பிப் பார்த்தாள். விறுவிறுவென்று இடுகாட்டுப் பக்கம் நடந்தாள். பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அன்றைக்கு ஒருத்தரும் தடுக்கவில்லை. உடையப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியதாம். ஆனாலும் போனார்.

புதுமண் மேடு மழையில் கரைந்துகொண்டிருந்தது. நல்லம்மாள் அதன்மேல் இரண்டு கையையும் பரப்பிக் குப்புற விழுந்தாள். வந்து சேர்ந்துவிட்டாள், இனி வாய்விட்டு அழுவாள் என்று வேலியோரம் நின்ற பொம்பளைகள் காத்திருந்தார்கள். சத்தமே இல்லை. ஆத்தா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். வெறும் வார்த்தையாகத்தான் வந்தது. எழுந்து உட்கார்ந்து முகத்திலிருந்த மழைத்தண்ணீரைத் துடைத்தாள்.

உடையப்பனுக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். தாயி, நான் பாவி, நான் பாவி என்றார்.

"நீங்க அழுவாதீங்கண்ணே," என்றாள். "எனக்குத்தான் வரமாட்டேங்குது. படத்துல அந்தம்மா செத்ததுக்கு எல்லாத்தையும் அங்கயே அழுதுட்டேன். எங்காத்தாளுக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல."